நடுத்தெருவில் ஒரு வெற்றுச் சமாதி

லண்டன் ஒயிட்ஹால் சாலையின் நடுவே நிற்கும் செனோடாஃப் நினைவுச்சின்னத்தை முதலில் மரத்தாலும் பிளாஸ்டராலும்தான் செய்தார்கள். முதல் உலகப்போர் முடிந்ததைக் கொண்டாட 1919 ஜூலை 19 அன்று பெரிய அணிவகுப்பு. படைகள் நடந்து போகும் வழியில், மாண்டவர்களுக்கு வணக்கம் செலுத்த ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. பிரதமர் லாயிட் ஜார்ஜ் அந்தப் பொறுப்பை எட்வின் லட்யன்ஸிடம் கொடுத்தார். புதுடெல்லியை வடிவமைத்த அதே லட்யன்ஸ்தான். கையில் இருந்தது சில நாட்கள். உயரமான தூண் மேடை, உச்சியில் உள்ளே யாருமில்லாத சவப்பேழை. விழா முடிந்ததும் பந்தலைப் போலப் பிரித்துவிடுவதாக ஏற்பாடு.

ஜனங்கள் பிரிக்க விடவில்லை. கூட்டம் கூட்டமாக வந்து அதன் காலடியில் பூக்களைக் குவித்தார்கள். போரில் இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவர பிரிட்டிஷ் அரசு அனுமதித்திருக்கவில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் விழுந்த மண்ணிலேயே புதைத்தார்கள். லட்சக்கணக்கானவர்களுக்குத் தனிக் கல்லறைகூட இல்லை. பெற்ற பிள்ளைக்கு ஒரு பிடி மண் போடக் கொடுத்துவைக்காத தாய், அந்தக் காலிப் பேழைக்குள் தன் மகனை வைத்துப் பார்த்தாள். யார் பெயரையும் அதில் பொறிக்காததால்தான் அது எல்லோருக்கும் சொந்தமாயிற்று என்று நினைக்கிறேன்.

11 நாளில், ஜூலை 30 அன்று, அதைக் கல்லிலேயே கட்ட அமைச்சரவை முடிவெடுத்தது. போக்குவரத்துக்கு இடைஞ்சல், வேறெங்காவது மாற்றலாம் என்ற பேச்சும் எழுந்தது. படைவீரர்கள் வணங்கிப் போன இடமல்லவா? அங்கேயே நின்றது.

போர்ட்லாண்ட் கல்லில் கட்டியபோது லட்யன்ஸ் ஒரு நுட்பம் செய்தார். நேராகத் தெரியும் அதன் கோடுகள் உண்மையில் நேரானவை அல்ல. செங்குத்தான விளிம்புகள் மிக லேசாக உட்சாய்ந்தவை. மேலே நீட்டிக்கொண்டே போனால் சுமார் 1000 அடி உயரத்தில் ஒன்றுசேரும். கிடைக்கோடுகளோ மெல்லிய வளைவுகள். சிலுவையும் வைக்கவில்லை. அதற்குக் கண்டனம் கிளம்பியது. பேரரசுக்காக உயிர்விட்டவர்களில் 70,000-க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரும் உண்டு; இந்து, முஸ்லிம், சீக்கியர் என்று பல மதத்தார். சிலுவை இல்லாததே நியாயம்.

1920 நவம்பர் 11 அன்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் திறந்துவைத்தார். பக்கவாட்டுக் கொடிகளையும் கல்லில் செதுக்கவே லட்யன்ஸ் ஆசைப்பட்டார், அரசு இசையவில்லை. துணிக்கொடிகளே இன்றும் பறக்கின்றன. வெயிலிலும் மழையிலும் நைந்து போகப் போக, புதிதாக மாற்றுகிறார்கள்.