ஒரு கோல், இரு மரபுகள்: 'தி ஃபர்பிடன் கிங்டம்' படத்தின் வரலாற்றுப் பின்புலம்

ராப் மின்காஃப் இயக்கத்தில் 2008இல் வெளிவந்த 'தி ஃபர்பிடன் கிங்டம்', ஜாக்கி சானும் ஜெட் லீயும் முதன்முதலாக இணைந்து நடித்த படம் என்ற அளவிலேயே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் அவ்விருவரின் உடல்மொழி இருவேறு வரலாறுகளின் விளைச்சல். 1949க்குப் பின் சீன மரபுக் கலைகள் அரசியல் எல்லைகளுக்கு இருபுறமும் வெவ்வேறு வழிகளில் வளர்ந்த கதையை இப்படத்தின் சண்டைக் காட்சிகளில் வாசிக்க இயலும்.

ஹாங்காங்கில் 1954இல் பிறந்த சான், சிறுவயதிலேயே யூ ஜிம்-யுவென் நடத்திய பீக்கிங் இசைநாடகப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். வடசீனத்து அரங்கக்கலை ஒன்று, புலம்பெயர்ந்த ஆசிரியரின் கடுமையான குருகுலப் பயிற்சியாகத் தெற்கில் உயிர்தரித்திருந்தது. குட்டிக்கரணமும் நகைச்சுவையும் கலந்த சானின் சண்டைமுறைக்கு வேர் அந்த அரங்கமே.

பெய்ஜிங்கில் 1963இல் பிறந்த லீயை உருவாக்கியதோ அரசு. சீன மக்கள் குடியரசு 1950களிலிருந்தே மரபுத் தற்காப்புக் கலைகளை 'வுஷூ' என்னும் தரப்படுத்தப்பட்ட விளையாட்டாக மாற்றி வந்தது. அதன் இளம் வெற்றியாளரான லீ, 1974இல் அமெரிக்கா சென்ற குழுவில் இடம்பெற்று, அதிபர் நிக்சன் முன்னிலையில் கலையை நிகழ்த்தினார். 1982இல் வெளிவந்த 'ஷாலின் டெம்பிள்' அவரைத் திரைநாயகனாக்கியது.

படத்தில் இவ்விருவரும் மோதிக்கொள்வது ஒரு கோலுக்காக. அக்கோல் குரங்கரசன் சுன் வூகோங்கின் ஆயுதம். ஷாலின் மடத்தின் வரலாற்றிலும் கோலுக்குத் தனியிடம் உண்டு. 621இல் துறவியர் சிலர் பின்னாளைய தாங் பேரரசர் லீ ஷிமினுக்குப் போரில் உதவியதை 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு உறுதிசெய்கிறது. ஆயினும் அவர்கள் எம்முறையில் போரிட்டனர் என்பதை அது கூறவில்லை. மடத்தின் கோற்பயிற்சி குறித்த விரிவான எழுத்துச் சான்றுகள் மிங் காலத்தின் பிற்பகுதியில்தான் கிடைக்கின்றன. 'மேற்கு நோக்கிய பயணம்' புதினம் நூலுருப் பெற்றதும் அதே 16ஆம் நூற்றாண்டில்தான். பழமையின் சின்னமாகத் திரையில் தோன்றுவதன் பெரும்பகுதி மிங் காலத்து வார்ப்பு என்பது இதனால் விளங்கும்.

மூலக்கதையிலிருந்து படம் விலகும் இடங்கள் மேலும் கூர்ந்து நோக்கத்தக்கவை. புதினத்தில் வூகோங்கின் செருக்கை அடக்கி, மலைக்கடியில் ஐந்நூறு ஆண்டுகள் சிறைவைப்பவர் புத்தர். விடுவிப்பவர் திருநூல் தேடி இந்தியா நோக்கிச் செல்லும் துறவி. அத்துறவியின் பாத்திரத்திற்கு மூலம், 7ஆம் நூற்றாண்டில் நாளந்தாவில் பயின்ற யுவான் சுவாங். படத்திலோ வஞ்சகமாக அவனைக் கல்லாக்குபவன் கொடுங்கோலனான ஒரு படைத்தலைவன். விடுதலைக்கு வழிசெய்பவன் பாஸ்டன் நகரத்து இளைஞன். செருக்கும் அதன் தண்டனையும் என்ற அறக்கதை இங்கே கொடுங்கோன்மைக்கு எதிரான கலகக் கதையாகிறது. நூல் தேடிச் சென்ற பௌத்தனின் இடத்தில் குங்ஃபூ படங்களின் இரசிகன் அமர்த்தப்படுகிறான். பண்டைச் சீனத்து மாந்தர் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவதும் அவன்பொருட்டே.

இம்மாற்றத்தை வெறும் சிதைவு என்று ஒதுக்குவது வரலாற்றுப் பார்வையாகாது. வூகோங்கின் கதை வாய்மொழியிலும் மேடையிலும் உருமாறியே புதினத்தை அடைந்தது. 1978இல் யுவென் வூ-பிங் இயக்கிய 'ட்ரங்கன் மாஸ்டர்' படத்தில் மாணவனாக நடித்த சான், முப்பது ஆண்டுகளுக்குப்பின் அதே வூ-பிங்கின் சண்டை அமைப்பில் குடிகார ஆசான் ஆகிறார். மரபு என்பது மாறாது காக்கப்பட்ட பொருளன்று. கைமாறும்தோறும் ஏந்துபவரின் தேவைக்கேற்ப மாறுவது. ஆகவே 'தூய மரபு எது?' என்பதைவிட, 'யார், யாருக்காக, எதை நீக்கிக் கையளித்தனர்?' என்பதே ஆய்வாளர் எழுப்பவேண்டிய வினா. இப்படத்தைப் பொறுத்தவரை, அவ்வாறு நீக்கப்பட்டது இந்தியாவை நோக்கிய அந்தத் துறவியின் நெடுவழி.