உளுந்து விலை ஏறுதா, இறங்குதா? மொபைல்லயே பார்க்கலாம் ஒரு சிம்பிள் கணக்கு!

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசல் காட்டில் புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரியா விதைச்ச உளுந்து, தை மாசம் களத்துக்கு வந்துடும். அடுத்து வீட்டுல எழுற கேள்வி, "இப்பவே போட்டுரலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?"

ஒருநாள் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தா ஏமாற வாய்ப்பு அதிகம். இங்கதான் ஷேர் மார்க்கெட்ல 'மூவிங் ஆவரேஜ்'னு சொல்ற நகரும் சராசரி கைகொடுக்கும்.

கணக்கு இதுதான்

உதாரணத்துக்கு, 5 நாள் உளுந்து விலை குவிண்டாலுக்கு ரூ.7,900, 7,800, 8,000, 7,700, 8,100னு வெச்சுக்குவோம். சராசரி ரூ.7,900. ஆறாவது நாள் விலை ரூ.7,600. முதல் நாள் விலையை நீக்கிட்டு இதைச் சேர்த்தா, புது சராசரி ரூ.7,840. ஒரே நாள்ல விலை 500 ரூபாய் விழுந்தாலும், சராசரி 60 ரூபாய்தான் இறங்கியிருக்கு. பதறி விற்க வேண்டியதில்லை. ஆனா, சராசரியே தினமும் இறங்கிட்டு வந்தா உஷாராகணும்.

ரெண்டு கோடு போடுங்க

இதேபோல 20 நாள் சராசரியும் போடுங்க. 5 நாள் சராசரி அதுக்கு மேல போனா ஏறுமுகம். கீழ இறங்கினா இறங்குமுகம். மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் தினசரி விலை கிடைக்கும். கூகுள் ஷீட்ல போட்டா வேலை முடிஞ்சது. வியாபாரம் நடக்காத நாளை விட்டுடுங்க. பூஜ்யம் போட்டா கணக்கே தப்பாயிடும்.

இதையும் கவனிங்க

சராசரி பழைய விலையில இருந்து வர்றதால, திருப்பத்தைத் தாமதமாத்தான் சொல்லும். நாளைய விலையைச் சொல்லாது. அறுவடை நேரத்துல வரத்து குவிஞ்சு விலை இறங்குறது வழக்கம். ஈரப்பதம், தரத்தைப் பொறுத்தும் உங்க மூட்டைக்கான விலை மாறும். உளுந்துக்கு மத்திய அரசு 2025-26-ல் அறிவிச்ச குறைந்தபட்ச ஆதரவு விலை ரூ.7,800. அதையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடுங்க.

கடன் நெருக்குறதால அவசரமா விற்கிற நிலைமையா? ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் இருப்பு வெச்சு, பொருளீட்டுக் கடன் வாங்க முடியுமானு விசாரிங்க. பொறுத்திருக்க வழி இருந்தாத்தான் இந்தக் கணக்குக்கே பலன்!