ஏ, பி, சி: மூன்று கவுன்ட்டர்களின் கதை

கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கத்து வீடுகளில் ரேஷன் கார்டுக்கு அடுத்தபடியாகப் பத்திரப்படுத்தப்படுவது பாஸ்போர்ட்தான். ஒரு தலைமுறை சிங்கப்பூருக்குப் போனது, அடுத்தது வளைகுடாவுக்கு. தமிழ் முஸ்லிம்கள் இந்தப் பயணத்தைச் 'சபுர்' என்பார்கள். ஆனால் தாமிரபரணிக் கரையிலிருந்து கடல் கடப்பதைவிட, அதற்கான பாஸ்போர்ட்டை வாங்குவதே பல காலம் பெரிய பயணமாக இருந்தது.

2007இல் மதுரையில் மண்டல அலுவலகம் வரும்வரை நெல்லைக்காரரின் விண்ணப்பம் திருச்சிக்குப் போக வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். அவசரம் என்றால் ராத்திரி பஸ் ஏற வேண்டும். கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. அந்த இருட்டில்தான் ஏஜென்ட்டுகள் பிழைத்தார்கள்.

2008 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகம் டாடா கன்சல்டன்சி சர்வீசஸுடன் ஒப்பந்தம் போட்டது. பாஸ்போர்ட் சேவா மையங்களை அமைப்பதும் கணினி, வலையமைப்பு, மென்பொருள் எல்லாவற்றையும் தருவதும் நிறுவனத்தின் பொறுப்பு. விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று அரசு கட்டணம் கொடுக்கும். 2010இல் கர்நாடகத்திலும் சண்டிகர் வட்டாரத்திலும் முன்னோட்டம் நடந்தது. நாடு முழுவதும் அமைந்த 77 சேவா மையங்களில் ஒன்று திருநெல்வேலிக்குக் கிடைத்தது.

மையத்துக்குள் போனவர்களுக்கு ஏ, பி, சி என்ற அந்த எழுத்துகள் நினைவிருக்கும். 'ஏ' கவுன்ட்டரில் இருப்பவர் நிறுவனத்தின் ஊழியர். படம் எடுப்பார், விரல்ரேகை பதிவார், சான்றுகளை ஸ்கேன் செய்வார். 'பி'யில் அமைச்சக ஊழியர் சரிபார்ப்பார். 'சி'யில் அமைச்சக அதிகாரி முடிவு சொல்வார். அச்சடிப்பதும் அரசின் கையில்தான். ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர் எழுதிய நிரல் மூன்று மேஜைகளிலும் ஓடுகிறது, ஆனால் 'உங்களுக்குப் பாஸ்போர்ட் உண்டு' என்று சொல்லும் அதிகாரம் அந்த நிரலுக்கு இல்லை. அரசுப் பணியைத் தனியாரிடம் கொடுப்பதில் எங்கே கோடு போட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம்மிடம் குறைவு.

நிரல் எழுதும் வேலையின் அருமை மென்பொருள் ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரியும். ஒரு கடை தன் விதியைத் தானே தீர்மானிக்கும். இங்கே விதி டெல்லியில் மாறும், அது மறுநாள் கவுன்ட்டரில் நிற்பவரைத் தொடும். 2016 டிசம்பரில் அமைச்சகம் பல நிபந்தனைகளைத் தளர்த்தியது. 1989 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும் என்ற கட்டாயம் போய், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார் போன்றவையும் ஏற்கப்பட்டன. தாய் அல்லது தந்தை ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும் போதும் என்றானது. படிவத்தில் ஒரு கட்டத்தைக் கட்டாயமில்லை என்று மாற்றுவது பொறியாளருக்குச் சின்ன வேலையாக இருக்கலாம். பிள்ளையைத் தனியாக வளர்க்கும் தாய்க்கு அது, ஒவ்வொரு மேஜையிலும் தன் வாழ்க்கையை விளக்காமல் தலைநிமிர்ந்து நிற்கும் உரிமை.

2022 ஜனவரியில் இரண்டாம் கட்ட ஒப்பந்தமும் அதே நிறுவனத்துக்கே போனது. திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியிலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் படித்து, சென்னையை அடுத்த சிறுசேரியில் அந்த நிறுவனத்தின் கணினி முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் சொல்ல ஒன்று உண்டு. பாஸ்போர்ட் தொலைபேசி உதவி மையம் 17 மொழிகளில் பேசுகிறது, தமிழும் அதில் ஒன்று. நம்மூர் அம்மாக்கள் பிரவுசிங் சென்டர்காரரின் தயவில்லாமல் தாங்களே நிரப்பும்படி, படிவமும் தமிழில் கேள்வி கேட்கட்டும்.