தீர்ப்புச் சொன்ன சொல்

ஆங்கிலச் சட்டங்களைப் புரட்டினால் ‘டீம்’ என்றொரு வினைச்சொல் அடிக்கடி எதிர்ப்படும். கிரிக்கெட் டீம் அல்ல. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, அவ்வளவுதான். இன்று அதற்குக் ‘கருது’ என்று பொருள். ஆனால் அது பிறந்தது தீர்ப்புச் சொல்வதற்காக.

பழைய ஆங்கிலத்தில் ‘டோம்’ என்றால் தீர்ப்பு, சட்டம். அதை வழங்குவது ‘டேமன்’. வினையாக்கும் விகுதியில் இருந்த யகர ஒலி முன்னாலிருந்த ஓகாரத்தை ஏகாரமாக்கியது. பின்னாளில் ஆங்கில நெடில்கள் இடம் மாறியபோது முன்னது ‘டூம்’ ஆனது, பின்னது ‘டீம்’ ஆனது.

இன்னும் பின்னே போனால் ‘வை, நிறுவு’ என்று பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய வேர் இருக்கிறது. நிறுவி வைக்கப்பட்டதுதான் தீர்ப்பு. அதே வேர் சமஸ்கிருதத்தில் கிளைத்துப் பிறந்ததே ‘விதி’. நாம் கடன் வாங்கிய அந்தச் சொல்லில் சட்ட விதியும் உண்டு, தலைவிதியும் உண்டு. டூமும் இதே வழியில்தான் போயிற்று. சட்டமாக இருந்தது, உலக முடிவின் இறுதித் தீர்ப்பு நாளோடு ஒட்டிக்கொண்டு, கடைசியில் அழிவு என்றே ஆகிவிட்டது. எங்கோ பிரிந்துபோன இரு கிளைகள், ஒன்றையொன்று அறியாமலே சட்டத்தையும் ஊழையும் முடிச்சுப் போட்டிருக்கின்றன. இதை நான் இன்னும் வியந்து தீரவில்லை.

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ட் மன்னர் ஏதெல்பெர்ட் இயற்றிய சட்டங்கள் ‘டோம்கள்’ என்றே அழைக்கப்பட்டன. ஆல்ஃபிரட் மன்னரின் சட்ட நூலும் ‘டோம் புத்தகம்’தான். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். வழக்காடுமன்றத்தில் பிரெஞ்சும் லத்தீனும் ஏறி உட்கார்ந்தன. தீர்ப்பளிக்கும் வேலை ‘ஜட்ஜ்’ என்ற பிரெஞ்சு வரவுக்குப் போயிற்று. ஆனாலும் வென்ற நார்மானிய மன்னர் வில்லியம் 1086இல் எடுத்த நிலக் கணக்குக்கு, தோற்ற மக்கள் தங்கள் சொல்லிலேயே ‘டூம்ஸ்டே’ என்று பெயர் வைத்தார்கள். இறுதித் தீர்ப்பைப் போல அதிலும் மேல்முறையீடு கிடையாது என்பதே காரணம் என, 12ஆம் நூற்றாண்டுக் கருவூலத் தலைவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் எழுதிவைத்தார்.

ஐல் ஆஃப் மேன் தீவில் நீதிபதி இன்றும் ‘டீம்ஸ்டர்’தான். ஹெர்ரிங் மீனின் முதுகெலும்பு நட்டநடுவே கிடப்பதுபோல இரு தரப்புக்கும் நடுவே நிற்பேன் என்று உறுதிமொழி எடுப்பது அங்கே வழக்கம். சுவீடனில் இதன் உறவுச் சொல் நீதிபதியையும் கால்பந்து நடுவரையும் சேர்த்தே குறிக்கிறது.

இங்கிலாந்தில் பதவி இழந்த டீம், ‘எண்ணுகிறேன், கருதுகிறேன்’ என்று வீட்டுப் பேச்சில் ஒதுங்கிக் கிடந்தது. சட்டம் எழுதுகிறவர்கள் அதைத் திரும்பக் கூட்டிவந்தார்கள், வேறு வேலைக்கு: இல்லாததை இருப்பதாகக் கொள்ளச் சொல்வதற்கு. 1951இல் ஒரு வழக்கில் ஆங்கிலேய நீதிபதி ஆஸ்குவித் பிரபு இதற்கு இலக்கணம் வகுத்தார். கற்பனையான ஒரு நிலையை உண்மையாகக் கொள்ளச் சட்டம் சொன்னால், அதன் விளைவுகளையும் உண்மையாகவே கொள்ள வேண்டும். பாதி வழியில் கற்பனை மிரளக்கூடாது. நம் உச்ச நீதிமன்றம் இதைப் பல தீர்ப்புகளில் எடுத்தாண்டிருக்கிறது.

இந்தியாவில் இந்தச் சொல் வீடுவரை வந்தது கல்லூரிச் சேர்க்கையால். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 3ஆம் பிரிவில், பல்கலைக்கழகம் அல்லாத உயர்கல்வி நிறுவனத்தையும் பல்கலைக்கழகமாகக் ‘கருத’ இடம் தந்தது. 1958இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் அந்தத் தகுதி பெற்றது. தமிழில் ‘நிகர்நிலை’ என்றார்கள். கௌரவமான மொழிபெயர்ப்பு, மூலத்தில் இருந்த பாவனையைக் காட்டிக்கொடுக்காதது. விளம்பரப் பலகைகளில் அந்த நிகர்நிலையும் மெல்ல உதிர்ந்து, வெறும் பல்கலைக்கழகமே மிஞ்சியது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. பெயரிலிருந்து ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லை நீக்குமாறு நிறுவனங்களுக்கு மானியக் குழு உத்தரவிட்டது. வேண்டுமானால் பெயருக்குப் பின்னால், அடைப்புக்குறிக்குள், டீமையும் சேர்த்தே போட்டுக்கொள்ளலாம் என்றது.