‘சிப்’ பூட்டினால் எஞ்சினுக்கு என்ன நடக்கும்?

கடந்த மாதம் அத்தான் ஒரு சின்னப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் டீசல் வான் அவருடையது. லீசிங் காசு இன்னும் கட்டி முடியவில்லை.

“தம்பி, இதைப் பூட்டினால் டீசல் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாம், இழுவையும் கூடுமாம். உண்மையோ எண்டு விசாரிச்சுச் சொல்லும்” என்றார்.

2022இல் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்று, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து வாங்கியவர்கள் நாங்கள். எரிபொருளை மிச்சம் பிடிக்கும் பொருள் என்றால் காது கொடுக்கத்தான் செய்வோம். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனேன்.

வன்னியில் கற்ற பாடம்

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் கராஜ் வைத்திருந்தவர் பெரியப்பா. பெற்றோல் கிடைக்காத அந்த ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்த வெள்ளைப் புகையின் மணம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால் முதலில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு மிகக் குறைவு. உயர் அமுக்கத்தில் அது நேரத்துக்கு முன்பே தானாக வெடித்து, எஞ்சினுக்குள் ‘டக் டக்’ என்று அடிக்கும். பெரியப்பா ஹெட்டின் கீழ் மேலதிக கஸ்கட் வைத்து அமுக்கத்தைக் குறைத்தார். பிளக் பொறி விழும் நேரத்தையும் சற்றுப் பிந்த வைத்தார். எஞ்சின் ரியூனிங் என்பது அடிப்படையில் இதுதான்: எரிபொருள், காற்று, பொறி, அமுக்கம் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று பொருத்துவது.

“ஓடினதுதான். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோட கலந்து ரிங்கைத் திண்டு போடும். எஞ்சின் தன்ர கணக்கைப் பிறகு எங்களிட்ட வாங்கிப் போடும்” என்றார் பெரியப்பா.

இன்றைய வாகனத்தில்

அன்று திருகாணியால் செய்த வேலையை இன்றைய வாகனங்களில் ‘ஈ.சி.யூ.’ என்னும் சிறு கணினி செய்கிறது. காற்றின் அளவு, வெப்பம், எஞ்சின் வேகம் போன்றவற்றை சென்சர்கள் சொல்ல, எவ்வளவு எரிபொருள், எப்போது என்று அது தீர்மானிக்கிறது. உண்மையான ரியூனிங்கில் இந்தக் கணினியில் பதிந்துள்ள அட்டவணைகளை மாற்றி எழுதுவார்கள்.

டேர்போ உள்ள எஞ்சினில் காற்றழுத்தத்தையும் எரிபொருளையும் கூட்டலாம் என்பதால், வலு 20 முதல் 30 வீதம் வரை உயரக்கூடும். டேர்போ இல்லாத சிறிய பெற்றோல் காரில் கிடைப்பது சில வீதம் மட்டுமே. காபரேற்றர் உள்ள பழைய முச்சக்கரவண்டியிலோ மாற்றுவதற்குக் கணினியே இல்லை.

டீசல் வாகனங்களுக்கு வரும் சில பெட்டிகள், எரிபொருள் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று கணினிக்குப் பொய் சொல்லும். கணினி அழுத்தத்தைக் கூட்டும். வலு வரும். ஆனால் கரும்புகையும் வரலாம். புகைபோக்கிப் பக்க வெப்பம் ஏறி, டேர்போ, இன்ஜெக்டர், கிளச் எல்லாம் நிறுவனம் கணக்கிட்டதைவிடக் கூடுதலாகச் சுமக்கும். உத்தரவாதம் உள்ள வாகனமானால் அதையும் இழக்க நேரலாம்.

ஸ்டியரிங்கின் கீழுள்ள சொக்கற்றில் செருகும் மலிவான ‘மிச்சம் பிடிக்கும்’ கருவிகளின் கதை வேறு. பலவற்றில் மின்னும் விளக்கைத் தவிர வேறு பயனுள்ள எதுவும் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் இதுவரை 100க்கும் மேற்பட்ட எரிபொருள் சேமிப்புக் கருவிகளை ஆராய்ந்துள்ளது. குறிப்பிடத்தக்க மிச்சம் தரும் ஒன்றையும் அது காணவில்லை. ஒரு சில மிகச் சிறிய பலனைக் காட்டின, அவ்வளவுதான்.

அத்தானின் பெட்டியைப் பெரியப்பா திருகாணியால் திறந்தார். உள்ளே மூன்று சின்ன விளக்கும் ஒரு துண்டுத் தகடும் இருந்தன. “இதுக்குள்ள டீசல் ஊறுமோ?” என்று சிரித்தார்.

செய்யக்கூடியவை

காசு செலவழிக்க முன்னர் இவற்றைப் பாருங்கள். ரயர் காற்று நிறுவனம் சொன்ன அளவில் இருக்கிறதா? காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா? பெற்றோல் வாகனமென்றால் பிளக்கும் ஒட்சிசன் சென்சரும் சரியா? பிரேக் பிடித்தபடி சில்லு சுற்றுகிறதா? டீசல் வாகனத்தில் இன்ஜெக்டர் கசிகிறதா? எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கணினியில் பதிவான பிழைக் குறியீட்டை வாசிக்கச் செய்யுங்கள். உண்மையிலேயே ரியூனிங் வேண்டுமென்றால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து காட்டுபவரிடம் மட்டும் செய்யுங்கள். பழைய பதிவைத் திருப்பி ஏற்றும் வழி உண்டா என்றும் கேளுங்கள்.

அடுத்த நாள் அத்தான் வானைக் கொண்டுவந்தார். முன் ரயர் இரண்டிலும் காற்றுக் குறைவு. வடிகட்டி மண்ணிறமாக அடைத்துக் கிடந்தது. இரண்டையும் சரிசெய்ய ஆன செலவு, அந்தப் பெட்டிக்குக் கொடுத்த காசில் பாதிகூட இல்லை.