எழுதியவரா, படிப்பவரா?

இணையப் பக்கத்தின் எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? 1994 அக்டோபர் 10 அன்று, செர்ன் ஆய்வகத்தில் இருந்த ஹோக்கோன் வியூம் லீ பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழிக்கான முதல் முன்மொழிவை வெளியிட்டபோதே இந்தக் கேள்வி அதற்குள் இருந்தது. எழுதியவர், படிப்பவர் இருவரின் விருப்பத்தையும் சதவீதக் கணக்கில் கலக்கலாம் என்றது அது. அழகான யோசனை, நிலைக்கவில்லை.

பெர்ட் போஸும் சேர்ந்து உழைக்க, 1996 டிசம்பரில் முதல் தரம் வந்தது. எழுதியவரும் படிப்பவரும் 'இம்பார்ட்டன்ட்' என்று குறித்த விதிகள் மோதினால், அதில் எழுதியவரே வென்றார். 1998 மே மாதம் வந்த இரண்டாம் தரம் இதைத் தலைகீழாக்கியது. பார்வை குறைந்தவர் பெரிய எழுத்தைக் கேட்டால் அவர் சொல்லே இறுதி. சிஎஸ்எஸ் வரலாற்றில் இதைவிட நியாயமான திருத்தம் இல்லை.

அதே தரம்தான் பண்புகளைக் கொண்டு ஒரு கூறைத் தேர்ந்தெடுக்கவும் வழிசெய்தது. ஒருவரின் பெயர் பக்கத்தின் நிரலில் பண்பாகப் பதிந்திருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் வேறு நிறம் தரலாம்.

பெயரைச் சுற்றியுள்ள முழுப் பெட்டியையும் மாற்ற உதவும் 'ஹேஸ்' தேர்வி மட்டும் வெகுகாலம் காக்க வைத்தது. சஃபாரியும் குரோமும் 2022இல் அதை ஏற்றன. ஃபயர்பாக்ஸ் 2023 டிசம்பரில் சேர்ந்துகொண்டது.