வகுப்பில் நான் சொன்ன தாழிக் கதை



அம்பத்தூரில் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர்களுக்கு முதுமக்கள் தாழிப் பாடம் நினைவிருக்கும். வயதாகியும் சாவு வராமல், பூனைக்குட்டி அளவுக்குச் சுருங்கிப்போன பெரியவர்களை உயிரோடு தாழிக்குள் உட்காரவைத்து, சோறும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்கள் என்று சொன்னேன். என் ஆச்சி எனக்குச் சொன்ன கதை அது. புத்தகத்தில் இல்லை. ஒரு பெண், "எங்க பாட்டியையும் வச்சிடுவாங்களா சார்?" என்று கேட்டு அழுதுவிட்டாள்.

இந்தத் தை மாதம் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாணம். அப்படியே ஆதிச்சநல்லூர் போனேன். திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலையோரம், தாமிரபரணிக் கரையில், 114 ஏக்கர் செம்மண் மேடு. ஊரார் 'பரம்பு' என்கிறார்கள். ஆற்றங்கரை முழுக்க வயலும் வாழையுமாக இருக்க, இது மட்டும் பாலை மாதிரி கிடக்கிறது. விளையும் நிலத்தை விட்டுவைத்து, விளையாத மேட்டைச் செத்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் முதலில் தோண்டினார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள், நெற்றியில் கட்டும் பொற்பட்டங்கள், சட்டிகளில் நெல் உமி. 2004-இல் தொல்லியல் துறை எடுத்த மாதிரிகளில் இரண்டின் காலம் கி.மு. 905, கி.மு. 791 என்று 2019-இல் நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2023-இல் அங்கேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். குழியின் மேல் கண்ணாடி போட்டிருக்கிறது. காலுக்குக் கீழே தாழிகள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன், யாரும் கழற்றச் சொல்லவில்லை.

சில தாழிகளில் முழு எலும்புக்கூடு கிடைத்திருக்கிறது. சிலவற்றில் உடலை வேறெங்கோ வைத்திருந்து, பிறகு பொறுக்கியெடுத்துப் போட்ட எலும்புகள் மட்டும். உயிரோடு இருப்பவரை அப்படி வைக்க முடியுமா? சுருங்கிய மனிதர் ஒருவரும் இல்லை. நான் சொன்னது தப்பு.

நம் பக்கத்திலும் இவை உண்டு. அதே ரீ, பல்லாவரத்தில் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். பூந்தமல்லிக்காரர்களுக்குக் குன்றத்தூர் வழியாகப் பக்கம்தான். பேழை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அழுத அந்தப் பெண் இதைப் படித்தால், அம்மா, உன் பாட்டியை யாரும் தாழியில் வைத்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளோடு எழும்பூருக்கு வருவதானால் சொல், நானும் வருகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு விடுமுறை.